வெட்டாத பதினாறு பக்கங்கள்

மழை பிடித்துக்கொண்டு நான்கு நாளாகிவிட்டது. புத்தகம் கட்டும் பட்டறையில் பசை காய மறுத்தது. அட்டை ஒட்டிய புத்தகங்களை இரும்புத் தகட்டுக்கு அடியில் அழுத்தி வைத்திருந்தார்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் மூலையெல்லாம் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. தாளும் ஈரம் குடித்துத் துவண்டு கிடந்தது. வெயில் காலத்தில் தாளை மடித்து மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மடிப்பு கத்தியாக நிற்கும். இப்போது மூன்று இழுப்பு இழுத்தும் மடிப்பு மெல்லத் திறந்துகொண்டு மேலே பார்த்தது.

பட்டறையில் அவளை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். அவள் டீச்சர் இல்லை. பத்தாவது வரை படித்தவள், பதினோரு வருஷமாகத் தாள் மடிக்கிறவள். புருஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் வந்த பட்டம் அது. முதலில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு கேலி தேய்ந்து பெயராகவே நின்றுவிட்டது.

அன்று வியாழக்கிழமை. நீள மேசைமேல் பன்னிரண்டு கட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மூன்று முறை மடித்தால் ஒரு ஃபாரம். பன்னிரண்டு ஃபாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். மேசையைச் சுற்றி நடந்துகொண்டே கட்டுக்கு ஒன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு புத்தகம். சாயங்காலத்துக்குள் எத்தனை மைல் நடந்தோம் என்று கால்தான் கணக்குச் சொல்லும்.

என்ன புத்தகம் என்று பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கில வாத்தியார்கள் எழுதும் தகுதித் தேர்வுக்கான கையேடு அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் முதல் பதிப்பு கட்டினார்கள். மிஞ்சிப்போன ஃபாரங்களில் ஒரு செட்டை முதலாளி அவளிடம் தூக்கிக் கொடுத்தார், வாத்தியாருக்கு ஆகும் என்று. அதைத்தான் அவள் வீட்டில் ஊசி நூலால் தைத்து வைத்திருந்தாள். ஓரம் வெட்டாத புத்தகம். ஒவ்வொரு ஃபாரத்தையும் படிக்கும்போது சமையல் கத்தியால் மடிப்பைக் கீறிக் கீறித்தான் பக்கம் புரட்ட வேண்டும்.

சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி அவள் ஒவ்வொரு கட்டின் தலைப்பையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எடுத்தாள். பழைய ஆங்கிலக் காலம், கையில் வா. இடைக்காலம், நீயும் வா. மறுமலர்ச்சிக் காலம். நாடகங்களின் காலம். தூய்மைவாதிகள் காலம். நாடு கடந்து போயிருந்த மன்னர் திரும்பி வந்த காலம். ஆறு கட்டு முடிந்தது. ஏழாவது கட்டில் கை வைத்தவள் நின்றாள்.

அந்தத் தலைப்பை அவள் ஒருநாளும் வாய்விட்டுப் படித்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பின்னால் வந்தவள் முட்டிக்கொண்டாள். தூக்கமா டீச்சரம்மா என்றாள். அவள் அடுத்த கட்டுக்கு நகர்ந்தாள். கால் தன்பாட்டுக்கு நடந்தது, கை எடுத்தது.

வாத்தியார் பதினான்கு வருஷம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து சொல்லிக் கொடுத்தவர். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, முதலில் ஓரம் மங்கி, பிறகு நடுவும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவரை உடனே அனுப்பிவிடவில்லை. நல்ல மனிதர்கள். பார்வை இல்லாவிட்டாலும் பிள்ளைகள் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இந்த வருஷத்தோடு கெடு முடிகிறது. தேறாவிட்டால் வேலை இல்லை.

தேர்வில் இரண்டு பகுதி. ஒன்று ஆங்கில இலக்கியத்தின் காலங்கள், எது முந்தி எது பிந்தி, எதில் யார் என்னத்தை எழுதினார்கள் என்று. அதை அவர் படித்ததே இல்லை. இரண்டாவது, மொழியின் நான்கு திறன்கள்: கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதைச் சொல்லியே அவர் வீட்டில் வேடிக்கை பண்ணுவார். "கேக்கறதும் பேசறதும் என் டிபார்ட்மென்ட். படிக்கிறதும் எழுதறதும் உன்னுது. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு முழு ஆளு" என்பார். எழுதுவதற்கு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒத்துக்கொண்டிருந்தார். உறவுக்காரர் எழுதக் கூடாது என்பது விதி. மருந்துச் சீட்டு எழுதுகிற கையா, திருத்துகிறவன் படித்துவிட்டு மாத்திரை வாங்கப் போய்விடுவான் என்று வாத்தியார் அவரைச் சீண்டுவார்.

அவள் பட்டறையிலிருந்து வந்து, சோறு வடித்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து படிப்பாள். பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்வாள். அவர் அதை வாங்கித் திருத்தி, ஒருமுறை ஓட்டமாகச் சொல்லி, பிறகு தமிழில் அவளுக்குக் கதையாகச் சொல்வார். அவள் படித்ததெல்லாம் போனில் பதிவாகியிருந்தது. பகலில் அவள் மேசையைச் சுற்றி நடக்கும்போது, வீட்டில் அவள் குரல் அவருக்கு மன்னர்களையும் நூற்றாண்டுகளையும் வாசித்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் கடைசி ஆபரேஷன் நடந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் வராந்தாவில் நிற்க வைத்து அவளிடம்தான் முதலில் சொன்னார். கட்டுப் போட்ட கண்ணோடு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சாயங்காலமே அவர் படிக்கச் சொன்னார். ஆறாவது ஃபாரம் முடிந்திருந்தது. ஏழாவதின் மடிப்பைக் கீற வேண்டும். கத்தி அடுப்படியில் இருந்தது. எழுந்துபோய் எடுத்துவர அவளால் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். எட்டாவதை ஏற்கெனவே ஒருநாள் சும்மா கீறிப் பார்த்திருந்தாள். அதைப் பிரித்துப் படித்தாள். மலையும் ஆறும் பூவும் பாடுகிற கவிஞர்களின் காலம்.

நாளைக்குக் கீறிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவரே கேட்டார், நடுவில் நூறு வருஷம் காணோமே, யாரும் ஒன்றும் எழுதவில்லையா என்று. தப்பை ஒப்புக்கொள்ள அது நல்ல இடம். ஆனால் முந்தின நாள் டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னொன்றைச் சொல்ல வாய் வரவில்லை. "அப்படித்தாங்க போட்டிருக்கு" என்றாள்.

அவர் அதை நம்பினார். நம்பியதோடு விடவில்லை. ஒரு வாரம் பேசாமல் படுத்துக் கிடந்தவர், ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து சொன்னார். "ஆறாவது ஃபாரத்துல படிச்சியே, கொள்ளை நோய் வந்திருக்கு, ஊரே எரிஞ்சிருக்கு. அப்புறம் நூறு வருஷம் ஒரு தேசமே வாயைத் திறக்கல. ஆனா எந்திரிச்சப்போ பாட்டாப் பாடியிருக்காங்க பாரு. எனக்கு ஒரு வருஷம் போதும்மா." அன்றைக்குச் சவரம் பண்ணிக்கொண்டார். மறுவாரம் பள்ளிக்கூடம் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பதினாறு பக்கத்தை அவள் எப்படிக் கீறுவாள்? மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. மறக்க இடம் கொடுத்தாள். கடவுளும் சில நாள் மனுஷருக்கு அந்த இடத்தைக் கொடுத்துப் பார்க்கிறார். பிறகு மேசைமேல் ஏழாவது கட்டாகக் கொண்டுவந்து வைக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தையலக்காவிடம் சொன்னாள். ஃபாரங்களைச் சேர்த்துத் தைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். பெரிய உடம்பு, பெரிய குரல். பட்டறையில் முதலாளியே அவளுக்குப் பயந்து பேசுவார். பத்து மாசத்துக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்தவள். நாற்பது நாள் யாரிடமும் பேசாமல் இருந்தவளிடம் இந்த நூறு வருஷக் கதையைச் சொல்லச் சொல்லி வாத்தியார்தான் இவளை அனுப்பினார்.

தையலக்கா சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.

"அப்போ எனக்கு வந்து சொன்னியே, அதுவும் இல்லாத கதையா?"

"ஆமாக்கா."

"நல்லா இருந்துச்சுடி அது" என்றாள் தையலக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "சரி, எனக்கு வேலை செஞ்சுது. போகட்டும். அவருக்கு என்னிக்குப் பரீட்சை?"

நாளை மறுநாள் என்றதும் தையலக்கா தலையிலே கை வைத்தாள். சொல்லாதே என்றாள். குருடன் கையிலிருந்து கோலைப் பிடுங்குகிற மாதிரி ஆகும். போனால் ஒரு கேள்வி போகும். அதற்காக மனுஷனை உடைக்காதே. இல்லையென்றால் அந்தக் கம்பவுண்டரைப் பிடி, அந்தக் கேள்வி வந்தால் அவரே நாலு வரி எழுதிவிடட்டும், பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடு என்றாள்.

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்கு அவமானமாகவும் இருந்தது. சாயங்காலம் பட்டறையிலிருந்து ஒரு ஏழாவது ஃபாரத்தை முந்தானைக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பவுண்டர் மருந்துப் பாட்டில்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், எதையும் இரண்டு தரம் யோசித்துப் பேசுகிறவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தாளை வாங்கவில்லை.

"டீச்சரம்மா, அவர் சொல்றத எழுதத்தான் நான் கையைக் கொடுக்கறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை போட்டாலும் அது அவர் பரீட்சை இல்ல, என்னுது. நான் எழுதி அவர் பாஸானா, அதையும் நீங்க அவர்கிட்ட மறைக்கணும். முதல்ல மறைச்சதுக்கே உங்க மூஞ்சி இப்படி ஆயிருக்கு."

அவள் தலை குனிந்து நின்றாள். கம்பவுண்டர் அவளைத் திட்டவில்லை. உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு டம்ளர் சூடான தண்ணீர் கொடுத்தார். தலையில் மழை இறங்கியிருக்கிறது, துவட்டுங்கள் என்று கட்டுப் போடுகிற துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். அந்தத் துணியின் சுத்தமான மருந்து வாசனையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரி வீட்டில் அவளால் சொல்ல முடியவில்லை. வாத்தியார் உற்சாகமாக இருந்தார். காலங்களை முதலிலிருந்து கடைசிவரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே ஒப்பித்தார். ஏழாவது இடம் வந்ததும் தாளத்தை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு தொடர்ந்தார். அந்த மூச்சை அவர் ஒவ்வொரு முறையும் விடுவார் என்பது அவளுக்கு அன்றுதான் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தையலக்கா மேசைப் பக்கம் வந்தாள். டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த அடுக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "போ. உன் சுத்தையும் சேத்து நான் சுத்திக்கறேன். எனக்கும் உடம்பு இளைக்கும்" என்றாள். சொல்லாதே என்று நேற்றுச் சொன்னவள்தான். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். தையலக்கா திரும்பிப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

தேர்வுக்காக வாத்தியார் லீவு போட்டிருந்தார். வேளையல்லாத வேளையில் கதவு திறந்ததும் அவர் போனை நிறுத்தினார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அவள் ஈரச் சேலையோடு எதிரில் உட்கார்ந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கத்தி அடுப்படியில் இருந்தது, எழுந்துபோக முடியவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து, நேற்றுக் கம்பவுண்டரிடம் போனதுவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அந்த நூறு வருஷமும் அவங்க எழுதிக்கிட்டுத்தான் இருந்தாங்களா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"நிறையவா?"

"பதினாறு பக்கம் இருக்குங்க."

அவர் பாயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் சோறு போட்டு வைத்தாள், அவர் எழவில்லை. அவளும் சாப்பிடவில்லை. அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்தாள். வீட்டுப் புத்தகத்தின் ஏழாவது ஃபாரத்தை விரித்துப் பிடித்து முதல் மடிப்பைக் கீறினாள். தாள் கிழிபடுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. அவர் தோள் அசைந்தது. அதுவரை அவர் மனதின் ஓரத்தில் நம்பாமல் இருந்திருப்பார் போல.

அவள் படித்தாள். அந்தக் காலத்தில்தான் பத்திரிகைகள் பெருகியிருந்தன. உரைநடையில் நீளக் கதைகள் வந்திருந்தன. தலைவர்களைக் கேலி பண்ணி எழுதியிருந்தார்கள். மொழிக்கே பெரிய அகராதி போட்டிருந்தார்கள். காப்பிக் கடைகளில் மணிக்கணக்காக உட்கார்ந்து வாதம் பண்ணியிருந்தார்கள். வழக்கம்போல அவள் வார்த்தைகளைத் தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். அவர்தான் இந்தத் தடவை வாங்கித் திருத்தவில்லை. திருத்துவதற்கு ஆளில்லாமல் ஒவ்வொரு தப்பும் அறைக்குள்ளே அப்படியே நின்றது. ஒருமுறை முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டாம் முறை பாதியில் சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"அவங்க ரொம்பப் பேசினதே அப்போதான்."

"ஆமாங்க."

"நான் ஊரெல்லாம் போய்ச் சொன்னேன்."

அவர் திரும்பிக் கையை நீட்டினார். அடிக்கத்தான் நீட்டுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தாள், அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிந்தும். அந்தக் கை அவள் முட்டியைத் தடவிப் பார்த்து, சேலை நுனியைப் பிழிந்தது.

"சேலை நனைஞ்சிருக்கு. மாத்திக்கிட்டு வந்து படி" என்றார்.

சனிக்கிழமை கம்பவுண்டர் குடையோடு வந்து கூட்டிக்கொண்டு போனார். அவள் தேர்வு மையத்தின் சைக்கிள் கொட்டகையில் நின்றாள். மூன்று மணி நேரமும் நின்றபடியே கடவுளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கேட்பது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஏழாவது காலம் கேள்வியில் வர வேண்டுமா வரக் கூடாதா என்பதே புரியவில்லை. அவர் சௌகரியமாக உட்கார்ந்திருக்க ஒரு நல்ல நாற்காலி கிடைத்திருக்க வேண்டும் என்று கடைசியில் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கம்பவுண்டர்தான் அவளைத் தனியே நிறுத்திச் சொன்னார். ஏழாவது காலம் வந்தது. அதற்கு நன்றாகவே சொன்னார். மற்றதில்தான் தடுமாறிவிட்டார். எது எதற்குப் பின்னால் என்று வரிசை கலைந்துபோயிற்று. இரண்டு வருஷமாக ஒரு மூச்சில் சொன்னதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, இல்லை இல்லை அடித்துவிடு என்றார். கடைசிக் கேள்விக்கு நேரமே இல்லை. "நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே உட்காந்திருந்தேன் டீச்சரம்மா" என்றார்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. நான்கு மதிப்பெண்ணில் போயிருந்தது. திறன்கள் பகுதியில் முழுசுக்குப் பக்கத்தில் வாங்கியிருந்தார். காலங்களில் விழுந்திருந்தார். அவள் சொல்லாமலே இருந்திருந்தால் ஒரு கேள்விதான் போயிருக்கும், தேறியிருப்பார். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு மாலை போட்டு, டீ கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். பார்வை இல்லாதவருக்குக் கடிகாரமா என்று தையலக்கா சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டாள். வாத்தியார் சிரித்தார். டிக் டிக் என்று சத்தம் கேட்கிறதே, அது போதும் என்றார். பிள்ளைகள் தெருமுனைவரை கூடவே வந்தார்கள். கடைசிப் பிள்ளையின் காலடிச் சத்தம் ஓயும்வரை அவர் வாசலில் நின்றார்.

அன்று சாயங்காலம், பட்டறையிலிருந்து வந்து சோறு பொங்கிச் சாப்பிட்டான பிறகு, அவர் பாயில் உட்கார்ந்து ஏதாவது படி என்றார். எதைப் படிக்க என்று கேட்டாள். ஏழாவதையே படி, அந்தக் காப்பிக் கடை வருமே அது, இனிமேல் ஒப்பிக்க வேண்டியதில்லை, சும்மா கேட்கலாம் என்றார்.

அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். காலையிலிருந்து மேசையைச் சுற்றியதில் குதிகால் இரண்டும் தீயாக எரிந்தன. எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பக்கத்தைத் தள்ளிவிட்டு எதையோ நாலு வரி படித்தாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"இன்னிக்கு முடியலைங்க. ரொம்ப அசதியா இருக்கு."

இப்படி ஒரு வார்த்தையை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

"இத்தனை நாளும் அசதியாத்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஆசையாக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவர் நகர்ந்து உட்கார்ந்து பாயில் இடம் விட்டார். அவள் படுத்தாள். முதுகு தரையைத் தொட்டதும் ஒரு முனகல் தானாக வந்தது. அதையும் அவர் கேட்டிருப்பார். அவர் குனிந்து, அவள் முகம் இருக்கும் பக்கமாகக் கேட்டார்.

"லைட் எரியுதா?"

"எரியுதுங்க."

"கண்ணு கூசுதா?"

"கொஞ்சம்."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். தண்ணீர்க் குடத்தில் கால் இடித்தது. சுதாரித்துக்கொண்டு, சுவரை உள்ளங்கையால் தடவியபடி கதவுப் பக்கம் நகர்ந்தார். சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கை மேலே போயிற்று, கீழே வந்தது, ஆணியைத் தொட்டது, மறுபடி மேலே போயிற்று. இன்னும் ஒரு சாண் இடது பக்கம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. அவர் நிதானமாகத் தேடினார். கண்டுபிடித்து அணைத்தார்.

இருட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.